ஏழாவது கடமையும் எட்டாவது கடமையும்

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசாக இருக்காது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கண் சொக்கும். ஒரு அக்கா கையில் தாள் கட்டோடு வகுப்புக்குள் வருவார். "எம்.எட். படிக்கிறாங்க, ஆராய்ச்சிக்காக வந்திருக்காங்க, எல்லாரும் ஒழுங்கா நிரப்பிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே போய்விடுவார். தாளில் வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்கிறேன், முடிவு சொல்ல இயலவில்லை, மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன். 1932-ல் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கண்டுபிடித்த முறை இது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் கல்வியியல் கல்லூரிகள் இன்னும் அதை விடவில்லை.

பாலசமுத்திரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை நிரப்பும் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். 'சமுத்திரம்' என்று முடியும் நம் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் ஏரியைச் சொல்பவை. நிலத்துக்குள் கிடந்த மக்கள் தாங்கள் தேக்கிய தண்ணீருக்கு வைத்த பெரிய பெயர். பக்கத்திலேயே பாலாறு-பொருந்தலாறு அணை. அந்தத் தண்ணீர் சண்முகநதியாகிப் போய் அமராவதியில் சேர்கிறது.

அந்தப் பெண்ணிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன. முதல் தாள் அறிவியல் மீதான மனப்பான்மையை அளப்பது. இரண்டாவது சுற்றுச்சூழல் மனப்பான்மையை. இரண்டிலும் நல்ல பிள்ளையாக 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' என்று டிக் அடிக்கிறாள். கூட்டிக் கழித்துப் பார்த்து, "இரண்டுக்கும் இடையே நேர்மறைத் தொடர்பு உள்ளது" என்று ஆய்வேட்டில் எழுதுவார்கள். அறிவியல் பிடித்தவர்களுக்கு மரமும் பிடிக்கும். சுபம்.

எனக்கு இந்தச் சுபத்தின் மேல் ரொம்ப நாளாகச் சந்தேகம். அந்தத் தொடர்பு இருக்கிறதா, இல்லையா என்பதைவிட, அதில் 'அறிவியல்' என்று எதைச் சொல்கிறோம் என்பதுதான் என் கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

*

1976. நெருக்கடிநிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருக்கிறார்கள், பத்திரிகைகள் தணிக்கையில். அந்த நேரத்தில்தான் 42-வது திருத்தம் வழியாக அரசமைப்புச் சட்டத்துக்குள் 51-ஏ என்ற புதிய பிரிவு நுழைந்தது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள், மொத்தம் பத்து. அதில் ஏழாவது: காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் உட்பட இயற்கைச் சூழலைக் காத்து மேம்படுத்துவது, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது. எட்டாவது: அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும், கேள்வி கேட்டுச் சீர்திருத்தும் உணர்வையும் வளர்த்துக்கொள்வது.

அடுத்தடுத்த வரிகள். நடுவில் ஒரு அரைப்புள்ளிதான்.

கேள்வி கேட்பதைக் குடிமக்களின் கடமை என்று எழுதிய அதே ஆட்சி, கேள்வி கேட்டவர்களை உள்ளே வைத்திருந்தது என்பது வரலாற்றின் குறும்பு. அதை விட்டுவிடுவோம். இரண்டு கடமைகளுக்கும் தனித்தனிப் பூர்வீகம் இருந்தது. சுற்றுச்சூழல் என்ற சொல், 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. நடத்திய மாநாட்டுக்கு இந்திரா காந்தி போய்வந்த பிறகு டெல்லியின் அலுவலகங்களில் செல்வாக்குப் பெற்றது. அறிவியல் மனப்பான்மை அதற்கும் முந்தையது. நேரு 1946-ல் வெளியான 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'விலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பாவின் கனவும் மகளின் அக்கறையும் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டனவா?

*

இரண்டே வருஷத்தில், இந்தியாவுக்கு வெளியே, அந்தப் பேச்சுவார்த்தை முறிந்ததற்கான ஒரு சாட்சி கிடைக்கிறது. 1978-ல் இரண்டு கேள்வித்தாள்கள் வெளிவந்தன. நம் எம்.எட். அக்கா கொண்டுவந்த தாள்களின் கொள்ளுப்பாட்டிகள் என்று சொல்லலாம்.

ஒன்று ஆஸ்திரேலியாவில் பேரி ஃப்ரேஸர் உருவாக்கியது. அறிவியல் சார்ந்த மனப்பான்மைகளை ஏழாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வாக்கியம் என 70 வாக்கியங்கள். அறிவியல் வகுப்பு பிடிக்கிறதா, விஞ்ஞானி ஆக ஆசையா, அறிவியலால் சமூகத்துக்கு நன்மையா என்றெல்லாம் கேட்கும். இன்னொன்று, அமெரிக்காவில் ரைலி டன்லப்பும் கென்ட் வான் லியரும் சேர்ந்து செய்தது. 12 வாக்கியங்கள். பூமிக்கு ஓர் எல்லை உண்டா, மனிதன் இயற்கைக்கு எஜமானனா என்று கேட்பது. 2000-ல் திருத்தி 15 வாக்கியங்கள் ஆக்கினார்கள்.

இந்த இரண்டாவது தாளில் ஒரு விஷயம் இருக்கிறது. மனிதனின் புத்திசாலித்தனம் எப்படியாவது பூமியை வாழத் தகுதியற்றதாக ஆகவிடாமல் பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் திருத்திய தாளில் ஒரு வாக்கியம் வரும். அதை ஒத்துக்கொண்டால் உங்கள் சுற்றுச்சூழல் மதிப்பெண் குறையும். முதல் தாளிலோ, அறிவியல் உலகத்தை மேம்படுத்துகிறது என்று நம்பினால் மதிப்பெண் கூடும். அதாவது நம் ஒன்பதாம் வகுப்புப் பெண் அறிவியலை மனதார நம்பினால் ஒரு தாளில் ஏறுவாள், அதே நம்பிக்கையால் இன்னொரு தாளில் சறுக்குவாள். இரண்டையும் சேர்த்து 'தொடர்பு' பார்க்கும்போது பிள்ளைகளின் மனசோடு சேர்த்து, தாளைத் தயாரித்தவர்களின் மனசையும் கொஞ்சம் அளக்கிறோம்.

ஃப்ரேஸரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு முக்கியமான வேறுபாட்டைப் பிடித்துவைத்திருந்தார். அறிவியல் *மீதான* மனப்பான்மை வேறு, அறிவியல் மனப்பான்மை வேறு. முதலாவது பிடித்தம், மரியாதை, கலாம் படத்தைச் சுவரில் ஒட்டுவது. இரண்டாவது ஒரு பழக்கம்: சொன்னதை அப்படியே வாங்காமல் சோதித்துப் பார்ப்பது, ஆதாரம் மாறினால் கருத்தை மாற்றிக்கொள்வது. தமிழில் 'மீதான' என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் காணாமல்போனது அந்தச் சொல்தான். முதலாவதை வளர்த்துவிட்டு, இரண்டாவதையும் வளர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

*

இதே குழப்பம் பெரியவர்களிடமும் இருந்தது. 1980 அக்டோபரில் நம் குன்னூரில் ஒரு கூட்டம் நடந்தது. பி.என். ஹக்சர், ராஜா ராமண்ணா, பி.எம். பார்கவா போன்றவர்கள் கூடிப் பேசியதன் விளைவாக, அடுத்த ஆண்டு ஜூலையில் மும்பையிலிருந்து அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கை ஒன்று வெளியானது. நாட்டில் மூடநம்பிக்கை பெருகுகிறது, பகுத்தறிவு தேய்கிறது, இதைத் தடுக்கவேண்டும் என்பது சாரம். உடனே ஆஷிஸ் நந்தி ஓர் எதிர் அறிக்கை எழுதினார். சோதிடத்தைப் பார்த்துப் பயப்படுகிற நீங்கள், நவீன அறிவியல் அதிகாரத்தோடு கைகோத்துச் செய்யும் வன்முறையை ஏன் பார்க்கவில்லை என்ற திசையில் போனது அவர் கேள்வி.

மூன்றே வருஷத்தில், 1984 டிசம்பர் 2 இரவு, போபால். பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து வந்த வாயு. அதன்பிறகு அறிவியலை 'வரமா, சாபமா' என்று கட்டுரைப் போட்டித் தலைப்பாக மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் சேர்ந்து 1987-ல் நாடு முழுக்க நடத்திய மக்கள் அறிவியல் பயணம் போபாலில்தான் போய் முடிந்தது. அதே 1987-ல் 'துளிர்' இதழ் தொடங்கியது. தமிழில் அறிவியலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிய இதழ்.

பள்ளிக்கூடம் வேறு பாதையில் போனது. 1991 நவம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். தியேட்டரில் படம் போடுவதற்கு முன் சுற்றுச்சூழல் ஸ்லைடு காட்டவேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஒழுங்காக நடக்கவில்லை என்று 2003 டிசம்பரில் மறுபடியும் உத்தரவு. அதன் பிள்ளைதான் கல்லூரியில் நாமெல்லாம் எழுதிய 'இ.வி.எஸ்.' பேப்பர். "அதெல்லாம் பாஸ் பண்ணிரலாம் மச்சான், முந்துன நாள் படிச்சாப் போதும்" என்ற அந்த பேப்பர். ஓசோன் படலத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு வரைந்து காட்டினோம். காலேஜ் கேன்டீன் கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஏழாவது கடமை ஒரு பேப்பர் ஆனது. எட்டாவது கடமை லேப் ரெக்கார்டு நோட்டில் முடிந்தது. நடுவில் இருந்த அரைப்புள்ளி, மதில் சுவராகிவிட்டது.

*

அந்தச் சுவர் இல்லாத இடங்களும் இருந்தன. ஒன்று நம் மாவட்டத்திலேயே.

திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும் என்று ஊர் உலகம் சொல்லும். தோல் பதனிடும் தொழிலும் திண்டுக்கல்தான். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பு. முடி நீக்கச் சுண்ணாம்பு. பிறகு அமிலம், குரோமிய உப்பு, சாயம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கோ போகத்தானே வேண்டும்? மண்ணுக்குள் போனது, கிணற்றுக்குள் வந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கிற எவரும் தாண்டிப்போக முடியாத தீர்ப்பு அது. கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும், கேடு உறுதியாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் இருந்த 900-க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கு. வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும், தீர்ப்புக்குள்ளே திண்டுக்கல்லைப் பற்றி ஒரு வரி வருகிறது. பீஸ் மெம்பர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

நாலில் மூணு.

இந்த வரியில் நான் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். 'சுற்றுச்சூழலைப் பாதுகாப்போம்' என்பது ஒரு வாக்கியம். 467-ல் 350 என்பதும் ஒரு வாக்கியம். முதலாவதை எந்த முதலாளியும் எந்த அமைச்சரும் முற்றிலும் ஒத்துக்கொள்வார்கள், மேடை போட்டுச் சொல்வார்கள், மரக்கன்றுகூட நடுவார்கள். இரண்டாவதை ஒத்துக்கொள்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை மறுக்கவேண்டுமானாலும் போய்க் கிணற்றை எண்ணிவிட்டுத்தான் மறுக்கமுடியும். ஏழாவது கடமையும் எட்டாவது கடமையும் ஒரே வரியில் சந்தித்துக்கொண்ட இடம் அது. ஒரு கிணறு, அடுத்த கிணறு, இன்னொரு கிணறு என்று எண்ணிக்கொண்டே போன வேலை.

இதில் கதாநாயகன், வில்லன் என்று சுலபமாகப் பிரிக்கவும் முடியாது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஆலைகளை மூடு என்றால் அங்கே தோல் சுமந்தவரின் கூலி நின்றுபோகும். அவர் மகளும் எங்கோ ஒரு வகுப்பில் உட்கார்ந்து இந்தத் தாளை நிரப்பியிருப்பாள். "தொழிற்சாலைகள் இயற்கையை அழிக்கின்றன" என்ற வரிக்கு எதிரே அவள் பேனா ஒரு கணம் நின்றிருந்தால், அதை 'சுற்றுச்சூழல் விழிப்புணர்வு குறைவு' என்று எழுதிவிட முடியுமா?

*

பாலசமுத்திரத்துக்கு மேலே நிற்கிற மலைக்குப் போவோம். கொடைக்கானலில் 1983-ல் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை. பின்னாளில் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. தெர்மாமீட்டர்! பள்ளி ஆய்வகத்தில் நம் கைக்குக் கொடுக்கப்படும் முதல் நிஜமான அறிவியல் கருவிகளில் ஒன்று. "உடைச்சிராதடா" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். உடைந்தால் தரையில் உருண்டோடும் அந்த வெள்ளிக் குண்டுமணிகளை நாம் விரலால் துரத்தி விளையாடியிருக்கிறோம். அது பாதரசம், நரம்பைத் தின்னும் நஞ்சு.

2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே தெரிந்தது. ஊர்க்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆனது.

காற்றில் பாதரசம் இருந்தது என்று எப்படி நிரூபிப்பது? ஹைதராபாத்தில் இருக்கிற அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்துக்காரர்கள் மரத்தில் படர்ந்திருக்கும் பாசியையும் பூஞ்சைப்பாசியையும் எடுத்துச் சோதித்தார்கள். பூஞ்சைப்பாசிக்கு வேர் கிடையாது. சாப்பாடு எல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். அதனால் காற்றில் என்ன இருந்ததோ அது உடம்பில் சேர்ந்திருக்கும். பிரியாணியில் நாம் போடும் கல்பாசியும் இந்தப் பூஞ்சைப்பாசி வகைதான். அந்தப் பாசிகள் பாதரசத்தைக் காட்டிக்கொடுத்தன.

நஞ்சு வந்ததும் அறிவியல் கருவி செய்யும் ஆலையிலிருந்துதான், நஞ்சைக் கண்டுபிடித்ததும் அறிவியல்தான். அப்புறம் 'அறிவியல் நல்லதா?' என்று ஒரு பிள்ளையிடம் ஐந்து கட்டம் போட்டுக் கேட்டால் அவள் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாள்? 'முடிவு சொல்ல இயலவில்லை' என்பது சில சமயம் அறியாமை இல்லை. நிறையத் தெரிந்ததால் வரும் தயக்கம்.

இதற்கு உலக அளவிலும் ஒரு சாட்சி உண்டு. 2006-ல் பீஸா தேர்வில் 57 நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளை அறிவியலில் சோதித்தார்கள், சுற்றுச்சூழல் பற்றியும் கேட்டார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்கு விழிப்புணர்வும் பொறுப்புணர்வும் கூடுதலாக இருந்தன. ஆனால் இன்னும் இருபது வருஷத்தில் நிலைமை சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. தெரிந்தவர்களுக்குக் கவலை அதிகம். பாட்டியும் இதைத்தான் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

அந்தக் கவலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? வழி எதுவும் காட்டாவிட்டால், அது பயமாகவோ சலிப்பாகவோ மாறும். பக்கத்துக் கேரளத்தில் ஒரு வழி காட்டினார்கள். 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று சொன்னபோது, காடு அழகானது என்பதோடு நிற்கவில்லை. எவ்வளவு மின்சாரம் வரும், யாருக்குப் போகும், வேறு எப்படிப் பெறலாம் என்று தாவரவியலாளரும் பொறியாளரும் பொருளியலாளரும் சேர்ந்து உட்கார்ந்து 1979-ல் கணக்குப் போட்டார்கள். அந்த இயக்கத்தில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் ஏராளம். 1984-ல் அது தேசியப் பூங்காவானது.

நம் ஊரிலும் ஒரு சின்ன வழி இருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் ஒரு பிரச்சினையை எடுத்து, தாங்களே தகவல் திரட்டி அறிக்கை எழுதவேண்டும். எல்லாக் குழுவும் ஒழுங்காகச் செய்யும் என்று சொல்லமாட்டேன். வாத்தியார் எழுதிக்கொடுத்து, பிள்ளை ஒப்பிக்கிற கதையும் உண்டு. ஆனால் ஒரே ஒரு குழு நிஜமாகவே தெருத்தெருவாகப் போய் அடிபம்பை எண்ணிவிட்டு வந்தாலும், அந்தப் பிள்ளைகளுக்கு ஏழும் எட்டும் வேறுவேறு கடமையாக அப்புறம் தெரியாது.

*

பாலசமுத்திரத்துப் பெண்ணிடம் திரும்புவோம். அவள் ஊருக்குப் பக்கத்தில்தான் பொருந்தல் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தபோது, ஒரு கல்லறைக்குள் நான்கு கால் வைத்த ஜாடியில் நெல் கிடைத்தது. அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்தில் கொடுத்துக் காலம் பார்த்ததில் பொது ஆண்டுக்கு முன் 490 என்று வந்தது. இந்த ஆற்றங்கரையில் 2,500 வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருவருக்கு யாரோ நெல் வைத்து வழியனுப்பியிருக்கிறார்கள். அறிவியல் அவள் காலடியிலேயே கிடக்கிறது. ஆனால் அவள் நிரப்பிய தாளில் 'அறிவியல்' என்பது எங்கோ இருக்கும் ராக்கெட், 'சுற்றுச்சூழல்' என்பது எங்கோ உருகும் பனிமலை.

பொருந்தலாற்றுத் தண்ணீர் சண்முகநதி வழியாக அமராவதிக்குப் போகிறது. திண்டுக்கல் பக்கத்துக் குடகனாறும் அந்த அமராவதியில்தான் வந்து சேர்கிறது. 467 கிணறு அவளுக்கு வேற்றூர்க் கதை இல்லை, கீழே போய்க் கலக்கிற தண்ணீரின் கதை.

அந்த எம்.எட். அக்காவுக்கு ஒரு யோசனை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. இரண்டு தாளோடு மூன்றாவதாக ஒரு தாளும் கொண்டுபோங்கள். அதில் கட்டம் போடவேண்டாம், வெறும் கோடு போதும். உங்கள் வீட்டுக் கிணற்றிலோ போர்வெல்லிலோ தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது? போன சித்திரையில் எத்தனை அடி? உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய் விழுகிறது? தெரியாது என்றால், யாரைக் கேட்டால், எதை அளந்தால் தெரியும்?

பெல் அடித்ததும் தாளை வாங்கிவிடாதீர்கள். ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.